விபூதியில் விளக்கிய வெள்ளி

வெள்ளி நாணயங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்கக் கூடாது. ரப்பரில் கந்தகம் இருக்கிறது. இரண்டு மழைக்காலம் போனால் கட்டு பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழும், அப்புறம் அது போகாது. செய்தித்தாளில் சுற்றுவதும் அப்படித்தான். கம்பளித் துணியும் புது மர அலமாரியும்கூட வெள்ளிக்கு ஆகாது. எடுக்கும்போது விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் பட்டால் அந்த ரேகை சில வருடங்கள் கழித்துப் பழுப்பாகத் தெரியவரும். யாருடைய விரல் என்று சொல்லிவிடும் அளவுக்குத் தெளிவாக இருக்கும் என்று எங்கள் மாலை வகுப்பில் இர்பான் சார் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குறித்துக்கொண்டேன்.

போன வாரம் அவர் எங்களுக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். ஒரு பொருளைப் பாதுகாக்கப் போய் நீங்கள் செய்த தவறு ஒன்றை எழுதுங்கள். என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், என்ன சேதம். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு பித்தளை விளக்கைப் பற்றி எழுதியிருந்தேன். இது தமிழில் எழுதுவது. யாருக்கும் கொடுப்பதற்கல்ல.

என் பெயர் ஹம்ஸினி. சொந்த ஊர் கரூர். பேகம்பேட்டில் ஓர் அலுவலகத்தில் காப்பீட்டுப் படிவங்களைச் சரிபார்க்கிறேன். நான் சரிபார்ப்பதை இன்னொருவர் சரிபார்ப்பார். அந்த ஏற்பாடு மட்டும் எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் என்னை நான் நம்புவதில்லை. கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியதும் பூட்டினேனா என்று தோன்றும். அதனால்தான் பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒவ்வொரு நாளின் கீழும் இரண்டு வரி காலியாக விடுவேன். பிற்பாடு நினைவுக்கு வருவதை எழுதிக்கொள்வதற்கு.

குஷாய்குடாவில் சுதர்சன் சார் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறேன். அவர் அங்கேயுள்ள எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்காரர். மனைவி இறந்துவிட்டார், மகள் வர்ஷினி கனடாவில். அவரிடம் நானூறு வெள்ளி நாணயங்கள் இருந்தன. பெரும்பாலும் நிஜாம் காலத்து ரூபாய்கள், கூடவே அரை, கால் ரூபாய்கள், சார்மினார் பொறித்தவை. பழைய வெள்ளியில் மெல்ல ஏறும் நிறத்துக்காகவே அவர் அவற்றைச் சேர்த்தார். விளிம்பில் நீலம், உள்ளே தேன் நிறம், நடுவில் கத்திரிப்பூ. "இது அழுக்கில்ல, கேட்டியா? வெள்ளிக்கு இதுதான் தோலு. நூறு வருசமா வந்த தோலு. இத உரிச்சா அப்புறம் என்ன இருக்கு?" என்பார்.

நான் நாணயப் பாதுகாப்பு படிக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் புது உறைகளுக்கு மாற்றும் வேலையை என்னிடம் கொடுத்தார். நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் இரண்டு வருட முழுநேரப் பயிற்சிக்கு ஓர் இடம் இருந்தது. செய்து முடித்த ஒரு சேகரிப்பையும் அதன் உரிமையாளரின் கடிதத்தையும் காட்ட வேண்டும். கடிதம் தருகிறேன் என்றார். படிவங்களிலிருந்து தப்பிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த வீட்டில் இன்னொருவர் இருந்தார். ஆரோக்கியமேரி, நான் மேரியக்கா என்று கூப்பிடுவேன். வயது ஐம்பத்தெட்டு. லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்தவர், அப்பா பணிமனையில் பிட்டர். பத்தொன்பது வருடமாக அந்த வீட்டுச் சமையலும் சாவியும் அவரிடம்தான். மகள் உஷா நாச்சாரத்தில் மசாலா பாக்கெட் போடும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அதனால் நாலு வயதுப் பேத்தி பெனிட்டாவை மேரியக்கா கூடவே கொண்டுவருவார். குழந்தை அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றும்.

நான் காலையில் பூட்டைப் பார்க்க இரண்டாம் முறை படியேறும்போது கீழேயிருந்து குரல் வரும். "ஏ டபுள் செக்கிங்! பூட்டிட்டேடி. நான் பாத்தேன். கைக்கு இன்னொரு தடவ ஏறுற? ஜா, பஸ்சு போயிடும்." அவர் தமிழில் இந்த ஊர் உருது கலந்திருக்கும்: கைக்கு என்றால் ஏன், ஜா என்றால் போ, ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம். நான் நம்பி இறங்கிப் போவேன். இந்த ஊரில் நான் நம்பிய ஒரே நினைவு அவருடையது. அதைச் சொல்லியாக வேண்டும்.

இப்போது தவறு. நாணயங்களை வைக்கப் பளபளப்பான, மெத்தென்ற பிளாஸ்டிக் பைகளை நான் அபிட்ஸில் வாங்கினேன். அந்த வகைப் பிளாஸ்டிக் வெயிலிலும் ஈரத்திலும் மெல்ல அமிலத்தைக் கசியவிடும் என்று மூன்றாம் மாத வகுப்பில் சொன்னார்கள். புதுப் பைக்கு ஒரு வாசனை இருக்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாமாம். அன்றைய நாட்குறிப்பில் 'என் பைகள் அந்த வகையா? பார்க்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறேன். பார்க்கவில்லை. பார்த்தால் ஆமாம் என்று தெரிந்துவிடும் என்று பயந்திருக்கலாம். ஒரு கோடையும் ஒன்றரை மழைக்காலமும் போயின. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தபோது இருபத்து மூன்று ரூபாய்களின் மேல் பச்சையாக ஒரு பிசுக்கு படிந்திருந்தது.

பிசுக்கை அசிட்டோனில் கழுவி எடுத்து, மற்ற நாணயங்களை அமிலம் கசியாத உறைகளுக்கு மாற்றிவிட்டேன். அதுவரை செய்தது சரி. ஆனால் அடியில் அமிலம் தின்ற இடங்கள் திட்டுத் திட்டாகத் தெரிந்தன. நிறம் ஒரே சீராக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்று நினைத்து, செகந்திராபாத் வெள்ளிக் கடையில் கிண்ணங்களை முக்கி எடுக்கும் திரவம் ஒரு பாட்டில் வாங்கிவந்தேன். ஐந்து நொடி என்று போட்டிருந்தது. போதுமா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னொரு முறை முக்கினேன். நீலம், தேன், கத்திரிப்பூ எல்லாம் போயின. இருபத்து மூன்றும் கல்யாண வீட்டு எவர்சில்வர் ஸ்பூன் போல வெளுத்துவிட்டன.

சாரிடம் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது என்று ஏழு முறை எழுதிப் பார்த்தேன். ஏழும் நாட்குறிப்பில் இருக்கின்றன, ஏழாவது நன்றாகவே இருக்கிறது. ஆனால் சொன்னால் கடிதம் கிடையாது. மற்ற நாணயங்களையும் என்னிடமிருந்து வாங்கிவிடுவார், வாங்கி என்ன செய்வார்? மறுபடி வெல்வெட் பையில் போட்டு மர அலமாரியில் வைப்பார். நான் இருந்தால்தான் மிச்சம் பிழைக்கும். அப்படித்தான் யோசித்தேன். அது தப்பான யோசனை என்று இப்போதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

சார் வருடத்தில் ஒருமுறைதான் நாணயங்களைப் பார்ப்பார். ஆயுத பூஜையன்று ஒரு தட்டு நிறைய எடுத்துச் சாமி முன்னால் வைப்பது அந்த வீட்டு வழக்கம். போன வருடத் தட்டிலும் இருந்த நாணயங்கள் என்பதால் அந்த இருபத்து மூன்றையும் தவிர்க்க முடியாது. அதற்கு முந்திய நாள் மேரியக்கா பூஜைக்கான வெள்ளிச் சாமான்களை விளக்குவார். சாப்பாட்டு மேஜையில் பழைய வேட்டித் துணியை விரித்து, கடையில் வாங்கிய விபூதியைக் கொட்டி, குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ், பஞ்சபாத்திரம் எல்லாவற்றையும் தேய்ப்பார். பூசிக்கொள்ளும் விபூதி வேறு டப்பாவில் இருக்கும். அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர், ஆனாலும் இந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். "உங்க சாமி மூஞ்சி பாக்குற கண்ணாடி மாதிரி ஆயிடும் பாரு" என்பார்.

நாணயங்களைத் தட்டில் அடுக்கும் வேலை இந்த வருடம் எனக்கு. அறுபத்தொன்றை அடுக்கி, மேலே துணி மூடி, அதே மேஜையின் மறுபக்கம் வைத்தேன். இரண்டரை மணிக்கு மேரியக்கா பெனிட்டாவைத் தூங்கவைக்கப் பின்னறைக்குப் போய்ப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். சார் பூசணிக்காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் உட்கார்ந்து, விபூதியைத் துணியில் தொட்டு, நாணயங்களைத் தேய்த்தேன்.

வெளுத்தவற்றை மட்டும் தேய்த்தால், ஏன் இந்த இருபத்து மூன்று மட்டும் என்று யாராவது கேட்கக்கூடும். அதனால் நன்றாக இருந்த முப்பத்தெட்டையும் தேய்த்தேன். நிறம் எளிதில் போகவில்லை. அழுத்த வேண்டியிருந்தது. விபூதி மென்மையாகத் தெரியும், ஆனால் வெள்ளியில் மயிரிழைக் கீறல்கள் போடும். வெளிச்சத்தில் சாய்த்தால் வட்டம் வட்டமாகத் தெரியும். எழுத்துகளின் இடுக்கில் கொஞ்சம் தூளை விட்டுவைத்தேன். கையுறை போட்டிருந்தேன். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முடித்து, பழையபடி துணியால் மூடிவிட்டு மேலே போய்விட்டேன்.

மறுநாள் காலை சார் துணியை எடுத்தார். ஒரு ரூபாயை விளிம்பில் பிடித்து ஜன்னல் பக்கம் போனார். அப்புறம் லென்சை எடுத்துவரச் சொன்னார். பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேரி, இத வெளக்குனியா?"

"விளக்கா? ஹவ், நேத்தே வெளக்கிட்டேனே."

"விளக்கில்ல. ரூவாய."

மேரியக்கா சிரித்தார். "உங்க ரூபாய நான் கைக்கு தொடப்போறேன் சார்? பத்தொம்போது வருசம் தொடாதத இன்னைக்கா தொடுவேன்? இந்த டபுள் செக்கிங்கயே கேளுங்க, அதுதான் மூடி வெச்சுது."

சார் லென்சை அவரிடம் நீட்டினார். "எழுத்துக்குள்ள திருநீறு இருக்கு. பாரு."

மேரியக்கா பார்த்தார். சிரிப்பு போகவில்லை, ஆனால் உறைந்துவிட்டது. அப்போது நான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. "நேத்து மூணு மணிக்கு நான் தண்ணி எடுக்க வந்தப்ப நீங்க துடைச்சிட்டு இருந்தீங்களேக்கா. சார் சொல்லியிருப்பார்னு நினைச்சேன்."

"நானா?"

"பாட்டுகூடப் பாடிட்டு இருந்தீங்க."

"பொய் சொல்லாதடி. நான் பாப்பாகூடப் படுத்திருந்தேன்."

"படுத்துட்டு எழுந்து வந்தீங்க. மறந்துட்டீங்களா?"

அந்தச் சொல்லைத் தெரிந்தேதான் சொன்னேன். மேரியக்காவின் அம்மா கடைசி நாட்களில் எல்லாவற்றையும் மறந்தவர். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே ஒருநாள் மேரியக்கா என்னிடம் சொல்லியிருந்தார்: "ரயில்வே ஆஸ்பத்திரில என்னயப் பாத்து, நீ யாரும்மா, நர்சான்னு கேட்டுச்சு. சாவு வரட்டும்டி, வாங்கிக்கிறேன். இது மட்டும் எனக்கு நக்கோ." அன்று அவர் முகத்தில் இருந்த பயமே இன்றும் வந்தது. தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண் எல்லாம் கறுப்பு. வெள்ளி விளக்கினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அவருக்கு அது தோன்றவில்லை.

சார் திட்டியிருந்தால் அவர் திருப்பிச் சண்டை போட்டிருப்பார். சார் அவர் தோளைத் தட்டி, "போகட்டும் மேரி. வயசாயிட்டுல்லா நமக்கு. நீ வேணும்னா செஞ்ச?" என்றார். அதற்கப்புறம்தான் அவர் அழுதார்.

அன்று மாலை மாடிக்கு வந்து வாசலில் நின்றுகொண்டு கேட்டார். "நீதான் எல்லாம் எழுதுவியே. இது மாதிரி வேற ஏதாச்சும் செஞ்சிருக்கேனாடி நான்?"

எழுதியது மூன்று இருந்தது. ஜூனில் ஒருநாள் அடுப்பைச் சிம்மிலேயே விட்டது. என்னை வர்ஷினி என்று கூப்பிட்டது. கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே தேடியது. எல்லோருக்கும் நடப்பது. பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, உட்கார்ந்து பழைய நாட்களின் காலி வரிகளில் இன்னும் ஒன்பது எழுதினேன். தேதிகளை நெருக்கமாக வைக்கவில்லை. முதலில் சிறியவை, போகப் போகப் பெரியவை. பெனிட்டாவை வாசலில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தியது பதினொன்றாவது. ஆயுத பூஜைக்கு முந்திய நாளில் பன்னிரண்டாவது. மறுநாள் அவருக்குப் படித்துக் காட்டினேன். பதினொன்றாவது வந்தபோது போதும் என்று கையைக் காட்டினார்.

அதை உஷாவிடம் அவரேதான் சொன்னார். உஷா ஷிப்டு முடிந்து வந்தவர், கையில் மசாலா வாசனையோடு சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். "ரோட்டுல லாரி போறது தெரியும்ல? புள்ளய உன்கிட்ட விட்டுட்டு நான் எப்டிமா மிஷின்ல நிப்பேன்?" என்றார். மேரியக்கா, "விடாத" என்றார். அடுத்த திங்களிலிருந்து பெனிட்டா நாச்சாரத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறாள். முதல் வாரம் முழுக்க அழுதாள் என்று கேள்விப்பட்டேன்.

டாக்டரிடம் நானும் கூடப் போனேன், ஆங்கிலத்தில் பேச உஷாவுக்குத் துணையாக. சின்ன வயது டாக்டர். இன்று என்ன கிழமை என்று கேட்டார். மேரியக்கா பயந்துபோய் வியாழன் என்றார். அன்று புதன். எனக்கும் நினைவில்லை, மொபைலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், மேரியக்கா எண்பத்தாறில் நின்றுவிட்டார். ஆறாம் வகுப்போடு நின்றவர் அவர். அம்மாவுக்கும் இருந்ததா என்று டாக்டர் கேட்டார். நான் ஆங்கிலத்தில் எடுத்தெழுதியிருந்த பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு, குடும்பத்தார் இவ்வளவு முறையாகக் குறித்துவைப்பது அரிது என்றார். வீட்டுக்கு வந்து அந்தப் பாராட்டையும் எழுதிவைத்தேன். மாத்திரைகள் கொடுத்தார். அவற்றைப் போட்டால் தூக்கம் வருகிறது, நாக்கு தடிக்கிறது. அதைப் பார்த்து எல்லோரும் நோய் முற்றுகிறது என்கிறார்கள்.

மேரியக்கா வேலையை விட்டுவிட்டார். சார் எவ்வளவோ சொல்லியும், சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். உஷா வேலைக்குப் போகும் நேரத்தில் அவர் எங்கேயாவது கிளம்பிவிடக் கூடாதென்று வெளியே பூட்டிவிட்டுப் போகிறார். எனக்குக் கடிதம் கிடைத்தது. அருங்காட்சியகத்திலிருந்து கிரிஜா மேடம் வந்து மீதி நாணயங்களைப் பார்த்தார். புது உறைகள், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள், பதிவு அட்டைகள், எதிலும் குறையில்லை. சார் அந்த அறுபத்தொன்றையும் காட்டி நடந்ததைச் சொன்னார். "மிச்சத்தைக் காப்பாத்துனது இந்தப் பொண்ணுதான்" என்றார். ஜனவரியில் சேர்கிறேன்.

மாதம் இரண்டு ஞாயிறு மேரியக்காவைப் பார்க்கப் போகிறேன். யாரும் போகச் சொல்லவில்லை. உஷா கதவைத் திறந்துவிட்டு, பேச்சுத்துணைக்கு ஆள் வந்ததே என்று கடைக்குப் போவார். போன முறை மேரியக்கா சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். டபுள் செக்கிங் என்று கூப்பிடவில்லை. என் பெயரை நிதானமாக, பிழையில்லாமல் சொன்னார், சொல்லிவிட்டுச் சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தார்.

அப்புறம் சொன்னார்: "இப்போ ஞாபகம் வந்துடுச்சுமா. நான் பொய் சொல்லல, அன்னைக்கு நெசமா ஞாபகம் இல்ல. இப்போ வந்துடுச்சு. பாப்பா தூங்குனுச்சு. எழுந்து வந்தேன். துணிய எடுத்துட்டுப் பாத்தா எல்லாம் கறுப்பா, நீலமா, பாவமா கெடந்துச்சு. சாமிக்கு இப்டியா வெப்பாங்கன்னு தோணுச்சு. பெரிய ரூபாயெல்லாம் மொதல்ல தேச்சேன். தேக்கத் தேக்க வெள்ளையா வந்துச்சுமா. சந்தோசமா இருந்துச்சு. சார்கிட்ட சொல்லு, வேணும்னு செய்யல." என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அந்த மத்தியானம் கண்முன்னால் வந்தது. அவர் சொன்னது கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. ஒன்றைத் தவிர.

"பெரிசில்லக்கா," என்றேன். "கால் ரூபாய்லேர்ந்துதான் ஆரம்பிச்சது. அப்புறம் அரை. பெரிசு கடைசியாத்தான்."

அவர் கண்ணை மூடி யோசித்தார். "ஹவ்," என்றார். "கால் ரூபாதான் மொதல்ல."

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அந்த மனுஷி தவறான ஒரு நினைவோடு வாழ்வதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.